ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா கேம் ரெண்டு மடங்கு ஓடுமா?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விதான். நரிக்குடியில இருந்து ஒரு தம்பி கேட்டது. "அண்ணே, என்கிட்ட ஆர்எக்ஸ் 580 கார்டு ஒண்ணு இருக்கு. அதே மாதிரி இன்னொண்ணு செகண்ட் ஹேண்டுல கிடைக்குது. ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல போட்டா, புது கார்டு வாங்குற செலவு மிச்சம்தானே?"

கேட்க நியாயமான கேள்வி. ஆனா அந்தக் காசு மிளகாய் வித்த காசுல அவங்க அப்பா எடுத்துக் கொடுத்தது. ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும். அடுத்த மகசூல் எப்படி இருக்கும்னு எங்க பக்கத்து வானம் பார்த்த பூமியில யாரும் உறுதி கொடுக்க மாட்டாங்க. அதனால "ஆமா" "இல்லை"ன்னு ஒரு வரியில பதில் போட எனக்கு மனசு வரலை. என்கிட்டயும் ஒரு பழைய 580 சும்மா கிடந்துச்சு. தம்பி எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, அவர் கார்டையும் என் கார்டையும் ஒரே போர்டுல மாட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். அதுல தெரிஞ்சதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

இந்த ஆசை எங்கே இருந்து வந்துச்சு

ரெண்டு கார்டு யோசனை புதுசு இல்லை. 1998-ல த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ 2 கார்டு வந்தப்பவே, ரெண்டு கார்டை ஒரு ஒயரால இணைக்கலாம். திரையில இருக்கிற வரிகளை ஒற்றைப்படை வரி ஒரு கார்டுக்கு, இரட்டைப்படை வரி இன்னொரு கார்டுக்குன்னு பிரிச்சுக் கொடுப்பாங்க. அதுக்குப் பேர் எஸ்எல்ஐ. பிறகு த்ரீடிஎஃப்எக்ஸ் மூழ்கிப் போச்சு. அதோட சொத்துக்களை என்விடியா வாங்கிக்கிச்சு. 2004-ல அதே எஸ்எல்ஐ பேரை வேற விரிவாக்கத்தோட திரும்பக் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே ஏடிஐ கம்பெனி கிராஸ்ஃபயர்னு போட்டிக்கு இறங்குச்சு. அந்த ஏடிஐ-தான் பின்னாடி ஏஎம்டி கையில போச்சு.

தம்பி மாதிரி ஆட்களுக்கு ஆசையைக் கிளப்பினது 2016-ல நடந்த ஒரு விஷயம். தைவான்ல கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில ஏஎம்டி ஆர்எக்ஸ் 480-ஐ அறிமுகப்படுத்தினாங்க. 199 டாலர் கார்டு. மேடையிலயே ரெண்டு 480-ஐ ஒண்ணா போட்டு, என்விடியாவோட விலை கூடின ஜிடிஎக்ஸ் 1080-க்கு எதிரா ஓட்டிக் காட்டினாங்க. 'சின்னது ரெண்டு சேர்ந்தா பெருசு ஒண்ணைத் தோற்கடிக்கும்'கிற அந்தப் படம் எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு. 2017-ல வந்த 580, அந்த 480-ஓட தம்பிதான். ஆனா மேடையில ஓடின கேம் எதுன்னு கவனிக்கணும். ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி. ரெண்டு கார்டுக்குன்னே உட்கார்ந்து எழுதின ரொம்பக் கொஞ்சம் கேம்கள்ல அது ஒண்ணு.

ஒரு சேலை, ரெண்டு தறி

எங்க பக்கத்துல அருப்புக்கோட்டை நெசவு ஊர். அங்க யார்கிட்டயாவது போய், "ரெண்டு தறி இருக்கு, ஒரு நாள்ல எவ்வளவு நெய்யலாம்?"னு கேளுங்க. ரெண்டு சேலைன்னா ரெண்டு தறியில ஒரே நேரத்துல ஓட்டலாம். ஒரே சேலையை ரெண்டு தறியில போட்டு பாதி நேரத்துல முடிங்கன்னா சிரிப்பாங்க. முந்தின இழையைத் தொட்டுத்தானே அடுத்த இழை வரும்.

கேம்லயும் இதே கதைதான். எஸ்எல்ஐ, கிராஸ்ஃபயர் ரெண்டும் பெரும்பாலும் செஞ்சது, ஃப்ரேமை மாத்தி மாத்திக் கொடுக்கிறது. முதல் ஃப்ரேம் இந்தக் கார்டு, ரெண்டாவது அந்தக் கார்டு, மூணாவது மறுபடி இந்தக் கார்டு. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி சேலையா இருந்த காலத்துல இது வேலை செஞ்சுச்சு. இப்ப வர்ற கேம்கள் அப்படி இல்லை. ஓரங்கள் மழுங்கலாத் தெரியணும்னு, வெளிச்சம் இயல்பா இருக்கணும்னு, முந்தின ஃப்ரேம்ல இருக்கிற தகவலை எடுத்துத்தான் அடுத்த ஃப்ரேமை வரையுது. அந்த முந்தின ஃப்ரேம் இன்னொரு கார்டோட மெமரியில இருக்கு. அது முடிஞ்சு, அங்கேருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கார்டு காத்திருக்கணும். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்து நின்னா, வேலை எங்க நடக்கும்?

ரெண்டாவது சிக்கல் மைக்ரோ ஸ்டட்டர். கணக்காப் பார்ப்போம். நொடிக்கு 60 ஃப்ரேம்னா, ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ரெண்டு கார்டு மாத்தி மாத்தி அனுப்பும்போது ஒரு ஃப்ரேம் 8 மில்லிசெகண்டுலயும் அடுத்தது 25 மில்லிசெகண்டுலயும் வருதுன்னு வைங்க. சராசரி 16.5. மூலையில ஓடுற எண் 60-ன்னுதான் காட்டும். ஆனா கண்ணு அந்த 25-ஐத்தான் உணரும். அது நொடிக்கு 40 ஃப்ரேம் கணக்கு. 2013 வாக்குல ஒவ்வொரு ஃப்ரேமோட இடைவெளியையும் அளக்க ஆரம்பிச்சப்பதான் இது பெரிய பேச்சா ஆச்சு. அந்த வருஷம் ஆகஸ்டுல ஏஎம்டி இதைச் சீர்படுத்த தனியா ஒரு டிரைவரே விட்டாங்க.

அப்புறம் 2015-ல விண்டோஸ் 10 கூட டைரக்ட்எக்ஸ் 12 வந்துச்சு. ரெண்டு கார்டைப் பிரிச்சு வேலை வாங்குற பொறுப்பு டிரைவர் எழுதுறவங்க கையில இருந்து கேம் எழுதுறவங்க கைக்குப் போச்சு. நானும் மென்பொருள் எழுதுறவன்தான், அதனால சொல்றேன். ரொம்பக் கொஞ்சம் பேர் வீட்டுல இருக்கிற ஒரு அமைப்புக்காக மாசக்கணக்குல எழுதிச் சோதிக்க எந்த மேனேஜரும் நேரம் ஒதுக்க மாட்டார். அப்படியே அது தேய்ஞ்சு போச்சு. 2020-ல வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில 3090-க்கு மட்டும்தான் இணைப்புப் பாலம் வைக்கிற இடம் இருந்துச்சு. 2021 ஜனவரி 1-க்கு மேல புது எஸ்எல்ஐ புரொஃபைல் எழுத மாட்டோம்னு என்விடியா அறிவிச்சாங்க. 2022-ல வந்த 4090-ல அந்த இடமே இல்லை.

இன்னொரு தப்புக் கணக்கையும் இங்கேயே சொல்லிடறேன். 8 ஜிபி கார்டு ரெண்டு போட்டா கேமுக்கு 16 ஜிபி கிடைக்காது. ஃப்ரேமை மாத்தி மாத்தி வரையணும்னா ரெண்டு கார்டுலயும் அதே படங்கள், அதே தரவு ஏறி இருக்கணும். அதனால கேம் பார்க்கிறது 8 ஜிபி மட்டும்தான்.

கட்டினது எப்படி

முதல்ல மதர்போர்டு. தம்பிகிட்ட இருக்கிறது பி450 சிப்செட் போர்டு. நம்ம ஊர்ல ரொம்பப் பேர்கிட்ட இருக்கிறது. பார்க்க ரெண்டு நீளமான ஸ்லாட் இருக்கும், ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். மேனுவலைத் திறந்து படிச்சாத்தான் விஷயம் புரியும். மேல் ஸ்லாட் 16 லேன், மூணாம் தலைமுறை. நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி போகும். கீழ் ஸ்லாட் இந்த வகை போர்டு பலதுல 4 லேன்தான், அதுவும் ரெண்டாம் தலைமுறை. நொடிக்கு 2 ஜிபி. மேல நாலுவழிச் சாலை, கீழ கண்மாய்க்கரைப் பாதை. இந்த 2 ஜிபி எண்ணை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். ஒரு 580 மட்டும் 185 வாட். ரெண்டுக்கும் 370. ப்ராசஸர், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்த்து, ரெண்டும் முழு வேகத்துல ஓடும்போது சுவர்ல இருந்து சுமார் 500 வாட் இழுக்கும். நல்ல தரமான 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும். ரெண்டு கார்டுக்கும் தனித்தனி பவர் ஒயர் இழுங்க. ஒரே ஒயர்ல இருக்கிற ரெண்டு முனையை ரெண்டு கார்டுக்கும் பிரிச்சு மாட்டாதீங்க.

சாதாரண 600 விஏ யூபிஎஸ் வச்சிருக்கிறவங்க கவனிங்க. அதுல கிடைக்கிறது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனா யூபிஎஸ் தாங்காது, ஓவர்லோடு காட்டி அதுவும் அணைஞ்சிடும். ஒரு கார்டுக்குப் போதுமானதா இருந்த யூபிஎஸ், ரெண்டாவது கார்டு வந்ததும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எர்த் பத்தி தனியாச் சொல்லணும், எங்க ஊர்ப் பக்கம் இது முக்கியம். கேபினட்டைத் தொட்டா சுருசுருன்னு இருக்குன்னு பலர் சொல்வாங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள மின் இரைச்சலை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கு. அது வழியா கசியற கரண்ட் எர்த் வழியா மண்ணுக்குப் போகணும். சித்திரை, வைகாசியில எர்த் குழி காஞ்சு கெட்டியாகிடுது. போக வழி இல்லாம அது கேபினட்லயே நிக்குது. வீட்டு எர்த் குழியில வெயில் காலத்துல தண்ணி ஊத்துங்க. எலக்ட்ரீஷியன் வந்தா எர்த் சரியா இருக்கான்னு ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்க. கார்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி இதுக்குச் செலவு பண்ணுங்க.

கடைசியா சூடு. ரெண்டு கார்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணா மாட்டினா, கீழ் கார்டு விடுற சூட்டைத்தான் மேல் கார்டு உறிஞ்சும். இந்த மாதிரி திறந்த ஃபேன் வச்ச கார்டுகள் சூட்டைக் கேபினட்டுக்கு உள்ளேயே விடும். மொட்டை மாடிக்கு அடியில இருக்கிற ரூம், மத்தியானம், மின்விசிறியே அனல் காத்து விடுற நேரம். நாங்க ஓட்டினப்போ மேல் கார்டு கீழ் கார்டை விட எப்பவுமே சூடாத்தான் இருந்துச்சு. சூடு எல்லை தொட்டதும் கார்டு தன்னோட வேகத்தைத் தானே குறைச்சுக்கும். பக்கத்துக் கதவைக் கழட்டி வச்சா சூடு குறையும். ஆனா கரிசல் தூசி உள்ள போயிடும். அதனால கதவை மூடி, முன்பக்கம் ஃபில்டரோட காத்து உள்ள வர்ற ஃபேனைக் கூட்டி வச்சோம். உள்ள வர்ற காத்து வெளிய போறதை விடக் கூடுதலா இருந்தா, இடுக்கு வழியா தூசி ஏறாது. அதோட ரெண்டு கார்டுக்கும் பவர் லிமிட்டைக் குறைச்சோம். வேகம் கொஞ்சம்தான் குறைஞ்சது, சூடும் சத்தமும் நல்லாவே இறங்கிடுச்சு.

ஓட்டிப் பார்த்தது

சோதனைக்கு ஒரே விதி. முதல்ல ஒவ்வொரு கார்டையும் தனியா ஓட்டணும், அப்புறம்தான் ரெண்டையும் சேர்க்கணும். இல்லைன்னா கோளாறு எந்தக் கார்டுலன்னு தெரியாது. அளக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அது கூட வர்ற ரிவாட்யூனரும் போதும், ரெண்டும் இலவசம். சராசரி எண்ணை மட்டும் பார்க்காதீங்க. ஃப்ரேம் டைம் கோட்டைப் பாருங்க. கோடு நேரா ஓடணும். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினா அதுதான் மைக்ரோ ஸ்டட்டர்.

சைபர்பங்க் 2077. முதல் கார்டு முழு மூச்சா ஓடுது, ரெண்டாவது கார்டு பூஜ்யத்துல உட்கார்ந்திருக்கு. கேமுக்கு ரெண்டு கார்டைப் பயன்படுத்தவே தெரியாது. தம்பி விளையாட ஆசைப்படுற புது கேம்கள்ல பெரும்பாலானது இந்த ரகம்தான்.

ஷேடோ ஆஃப் த டூம் ரைடர். இது டைரக்ட்எக்ஸ் 12-ல ரெண்டு கார்டை ஆதரிக்கிற கேம். இங்க எண் நல்லாவே ஏறிச்சு, ரெண்டு கார்டும் வேலை செஞ்சுச்சு. தம்பி முகத்துல வெளிச்சம்.

ஜிடிஏ 5. பழைய கேம், கிராஸ்ஃபயர் ஆதரவு உண்டு. எண் ஏறிச்சு. ஆனா வேகமா வண்டி ஓட்டித் திரும்பும்போது படம் தத்தித் தத்திப் போச்சு. மூலையில எண் பெருசா இருக்கு, கண்ணுக்கு அது தெரியலை. தம்பியே சொன்னார், "அண்ணே, ஒரு கார்டுல ஓடுனதே பார்க்க நல்லா இருந்துச்சு."

ரெண்டாவது கார்டுக்கு இப்ப இருக்கிற உண்மையான வேலை

இப்ப ரெண்டு கார்டு பேச்சு மறுபடி கிளம்பினதுக்குக் காரணம் வேற. ஸ்டீம்ல லாஸ்லெஸ் ஸ்கேலிங்னு ஒரு சின்ன செயலி விக்குது. ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல ஒரு ஃப்ரேமைக் கணிச்சு உருவாக்கி நுழைக்கும். 2025 தொடக்கத்துல வந்த மூணாவது பதிப்புக்கு அப்புறம் இது ரொம்பப் பரவிடுச்சு. இதுல ஒரு வசதி இருக்கு. கேமை வரையறது ஒரு கார்டு, நடு ஃப்ரேமை உருவாக்குறது இன்னொரு கார்டுன்னு பிரிச்சு விடலாம்.

இதுதான் ரெண்டு சேலை, ரெண்டு தறி. வேலை தனித்தனி, யாரும் யாருக்காகவும் பாதியில நிக்க வேண்டாம். ரெண்டும் ஒரே கார்டா இருக்கணும்னு அவசியம் இல்லை. ஒண்ணு ஏஎம்டி, ஒண்ணு என்விடியாவா இருந்தாலும் ஓடும்.

மானிட்டர் ஒயரை எந்தக் கார்டுல மாட்டணும்கிறதுலதான் பலர் தடுமாறுவாங்க. நடு ஃப்ரேமை உருவாக்குற ரெண்டாவது கார்டுலதான் மாட்டணும். விண்டோஸ் 11-ல கிராஃபிக்ஸ் அமைப்புக்குப் போய், கேமுக்கு முதல் கார்டுன்னு குறிக்கணும்.

இப்ப அந்த 2 ஜிபி எண்ணுக்கு வருவோம். முதல் கார்டு வரைஞ்ச ஒவ்வொரு ஃப்ரேமும் கண்மாய்க்கரைப் பாதை வழியா ரெண்டாவது கார்டுக்குப் போகணும். 1080பி ஃப்ரேம் ஒண்ணு சுமார் 8 எம்பி. நொடிக்கு 60-ன்னா அரை ஜிபி. தாராளமாப் போகும். 4கே ஃப்ரேம் சுமார் 33 எம்பி. நொடிக்கு 60-ன்னா 2 ஜிபி. பாதை முழுசும் அடைச்சுக்கும். தம்பியோட மானிட்டர் 1080பி, அதனால ஓடிச்சு. கண்ணுக்கு வழவழன்னு இருந்துச்சு, முதல் கார்டோட வேகமும் குறையலை.

ஆனா ஒரு விலை உண்டு. நடு ஃப்ரேமை உருவாக்கணும்னா அடுத்த நிஜ ஃப்ரேம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்தத் தாமதம் கையில தெரியும். கதை கேம்ல பரவாயில்லை. வாலரன்ட் மாதிரி சுடுற போட்டி கேம்ல இதைப் போடாதீங்க.

தம்பிக்குச் சொன்ன பதில்

நாங்க போட்ட கணக்கு இதுதான். ரெண்டு 580, சுமார் 500 வாட், தினம் நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு 2 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 120 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட்ல பெரும் பங்கை இந்த ஒரு பெட்டியே தின்னுடும். அதே இடத்துல ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரே கார்டு போட்டா, கார்டுக்கு 132 வாட், மொத்தம் சுமார் 250. பாதி யூனிட். வேகம் ஒரு 580-ஐ விட நல்லாவே கூட, அதுவும் எல்லா கேம்லயும். இருக்கிற எஸ்எம்பிஎஸ் போதும், யூபிஎஸ்ஸும் தாங்கும்.

அதனால, ரெண்டாவது 580 வாங்காதீங்க தம்பின்னுதான் சொன்னேன். இருக்கிற 580-ஐ வித்து, கையில இருக்கிற காசையும் சேர்த்து ஒரே நல்ல கார்டுக்குப் போங்க. நல்ல விலைக்கு விக்க முடியலைன்னா, அந்த 580-ஐக் கீழ் ஸ்லாட்டுல போட்டு நடு ஃப்ரேம் வேலைக்கு வச்சுக்கலாம். ஏற்கனவே வீட்டுல கிடக்கிற கார்டை அப்படிப் பயன்படுத்துறது புத்திசாலித்தனம். அதுக்காகவே காசு போட்டு ஒண்ணு வாங்குறது இல்லை.

யாருக்கு ரெண்டு கார்டு சரி?

வேலையைத் தனித்தனித் துண்டாப் பிரிக்க முடியிறவங்களுக்கு. பிளெண்டர்ல அனிமேஷன் ரெண்டர் பண்றவங்க ஒரு உதாரணம். ஆனா 580 மாதிரி பழைய கார்டை இப்ப இருக்கிற பிளெண்டர் ரெண்டரிங்குக்கு எடுத்துக்காது, பார்த்து வாங்கணும். இன்னொண்ணு, வீட்டுலயே ஏஐ மொழி மாடல் ஓட்டுறவங்க. அங்க மாடலோட அடுக்குகளைப் பாதிப் பாதியா ரெண்டு கார்டுல ஏத்தலாம். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 ரெண்டு இருந்தா நிஜமாவே 24 ஜிபி மாதிரி பயன்படும். கேம்ல கூடாத மெமரி இங்க கூடும்.

கடைசியா, செகண்ட் ஹேண்டுல 580 வாங்கப் போற எல்லாருக்கும் மூணு விஷயம். 2022 செப்டம்பர்ல எத்திரியம் மைனிங் நின்னப்போ வெளிய வந்த கார்டுகள் இன்னும் கை மாறிக்கிட்டிருக்கு. ஒண்ணு, ஜிபியு-இசட் ஓட்டி ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்க. 2304 இருந்தா நிஜ 580. 2048 இருந்தா பேர்தான் 580, உள்ள இருக்கிறது 570. ரெண்டு, மைனிங்குக்காக பயாஸ் மாத்தி இருக்கான்னு கேளுங்க. மூணு, விக்கிறவர் முன்னாடியே அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டிப் பாருங்க. திரையில புள்ளி புள்ளியா வந்தா, ஃபேன் கரகரன்னு சத்தம் போட்டா, காசைக் கொடுக்காம எழுந்து வந்துடுங்க. "அட்வான்ஸ் போடுங்க, கூரியர்ல அனுப்புறேன்"னு சொல்றவங்ககிட்ட பேச்சே வேண்டாம்.

அடுத்த எபிசோடுல லோ வோல்டேஜ் வர்ற ஊர்ல கம்ப்யூட்டருக்கு எந்த மாதிரி யூபிஎஸ் வாங்கணும்னு பேசுவோம். உங்க போர்டோட ரெண்டாவது ஸ்லாட் எத்தனை லேன்னு மேனுவல்ல பார்த்து எழுதி அனுப்புங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட இருந்து விடைபெறுறேன்.